கீழுதடும் மேல்பல்லும்

முதல் ஐந்து வாரம் நான் வாயே திறக்கவில்லை.
பெரம்பூர் ஜமாலியா பக்கம்
ஜெராக்ஸ் கடை மாடியில்
ஏழு மணி வகுப்பு, பதினோரு பேர்.
ஷார்ஜா போகவிருக்கும் எத்திராஜ்,
பேங்க் இன்டர்வியூவில் இரண்டு முறை விழுந்த நஸ்ரின்,
லேப் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு
கடைசி பெஞ்சில் நான்.
எல்லாம் புரிந்தது.
புரிந்தது தொண்டை வரை வந்து
டிராஃபிக்கில் நின்றது.

டீச்சர் ஜெசிந்தாவுக்கு என்னைவிடப் பன்னிரண்டு வயது குறைவு.
"பேசாட்டி பரவால்லக்கா, கேட்டுக்கினே இருங்க."
கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஆறாவது வாரம் தானாக வந்து விழுந்தது
ஒன் மினிட் ப்ளீஸ்.
அது மூன்று சொல்லா ஒரே சொல்லா
அப்போது தெரியாது.
அன்று முழுக்க அதையே செலவழித்தேன்,
கண்டக்டரிடம்,
கேன் தண்ணீர் போடுகிறவனிடம்,
சோறு கேட்ட மகனிடம்.

பிறகு வாலை நறுக்கும் வேலை.
பஸ்ஸு, டெஸ்ட்டு, பிளட்டு.
"அந்தக் கடைசி உ வேணாங்க்கா."
எப்படி வேண்டாம்?
வல்லினத்தில் நின்று பழக்கமில்லை எங்கள் சொற்களுக்கு.
அரை மாத்திரை உகரமாவது
கைப்பிடித்துக் கூட வந்தால்தான் தெருவில் இறங்கும்.
பிளட்
என்று நிறுத்தினேன்.
சடன் பிரேக் போட்டதுபோல்
நாக்கு முன்கம்பியில் இடித்துக்கொண்டது.

'ப'வுக்குக் காற்று வேண்டுமாம்.
29சி டிக்கெட்டை உதட்டுக்கு முன்னால் பிடித்து
பெயின், பெயின், பெயின்.
அசையவில்லை.
முப்பத்தாறு வருஷமாகக் காற்றை உள்ளேயே
வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.
ஒரு வியாழக்கிழமை, ஓட்டேரி சிக்னலில்
டிக்கெட் படபடத்தது.
பக்கத்து சீட்டு அம்மா
ஜன்னலைச் சாத்தினாள்.

'ஃப'தான் வரவே இல்லை.
கீழுதட்டை மேல்பல்லில் வைத்து ஊதணும்.
நான் வைத்தால் ஊத மறக்கும், ஊதினால் உதடு நழுவும்.
பள்ளிக்கூடத்தில் ஆய்தம் என்றால் மூன்று புள்ளி,
எப்போதாவது ஓர் எஃகு, ஓர் அஃது,
மற்ற நாளெல்லாம் விடுமுறை.
அதைக் கூப்பிட்டு 'ப'வுக்குக் காவல் வைத்து
இந்த வேலை வாங்குகிறார்கள் இப்போது.
எனக்கோ பிழைப்பே அந்த ஒரு வாக்கியம்:
மேக் எ ஃபிஸ்ட்.
கையை மூடினால்தானே நரம்பு தெரியும்.
என் வாயில் அது பிஸ்து.
"பிஸ்தாவா? ஃபாஸ்டிங்மா நான்" என்றார்
கொல்கத்தாவிலிருந்து வந்த ஒருவர்,
கோபமாக.

நேற்று ஓமான்காரர் ஒருவர்.
நரம்பு ஒளிந்துகொள்ளும் கை.
ரப்பர் பட்டையைக் கட்டினேன்.
உதடு பல்லைத் தேடிப் போனது.
மேக் எ
வெறும் காற்று வந்தது,
அதன் பின்னாலேயே மெல்ல மிச்சமும்.
வந்ததா என்று எனக்கே தெரியாது.
அவர் கை மூடியது.

ஊசி இறங்கியதும் கேட்டேன், பெயின்?
டிக்கெட் பறக்கிற 'ப'.
நோ, என்றவர்
உதட்டை இறுக்கி, விட்டு, மறுபடி இறுக்கி
அந்தச் சொல்லைச் சொன்னார்.
பழத்தின் 'ப' அல்ல, பயத்தின் 'ப'.
அவர்கள் மொழியில் பழத்தின் 'ப' கிடையாதாம்,
கூட வந்த மருமகன் சொன்னான்.
எழுதிக் காட்டியிருந்தால்
எங்கள் ஊரில் இரண்டுக்கும் ஒரே எழுத்து,
யாருக்கும் தெரிந்திருக்காது.

கோட்டுப் பையில் கசங்கிக் கிடந்த டிக்கெட்டை எடுத்து
என் உதட்டுக்கு முன் பிடித்தேன். பெயின்.
பஞ்சை முழங்கை மடிப்பில் வைத்தபடி
அவர் டிக்கெட்டை வாங்கிக்கொண்டார்.
அசையவில்லை.
சிரித்தார்.
மறுபடி.
வெளியே டோக்கன் நாற்பத்து மூன்று
கதவைத் தட்டியது.

ஒன் மினிட் ப்ளீஸ், என்றேன்.